குழந்தை இறப்பு குறைஞ்சுதுன்னு எப்படி காட்டுறது? உதவி வேணும்

மலையடிவாரம்:
வணக்கம். நாங்க சின்ன தொண்டு நிறுவனம், 18 ஊர், மொத்தம் 20,000 பேர் இருப்பாங்க. ரெண்டு வருஷமா ஊர்ப் பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்து கர்ப்பிணிங்க வீட்டுக்கும் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் அனுப்புறோம். இப்ப நிதி குடுக்கிறவங்க ஒரு வருஷத்துல குழந்தை இறப்பு குறைஞ்சதா காட்டுங்கன்றாங்க. பழைய கணக்கு எதுவும் கையில இல்ல. எங்க ஆரம்பிக்கிறது?

கணக்குப்பிள்ளை:
2020 எஸ்.ஆர்.எஸ் (மத்திய அரசு எடுக்கிற பிறப்பு, இறப்பு மாதிரிக் கணக்கு) படி தமிழ்நாட்டுல ஆயிரம் பேருக்கு 13.8 பிறப்பு, ஆயிரம் குழந்தை பொறந்தா ஒரு வயசுக்குள்ள 13 இறப்பு. அப்ப உங்க 20,000 பேருக்கு வருஷம் 275 பிரசவம், 3 இல்ல 4 இறப்பு. அது அடுத்த வருஷம் 2 ஆனாலும் 6 ஆனாலும் உங்க வேலையாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. மகாராஷ்டிரா கட்சிரோலில டாக்டர் தம்பதி அபய் பங், ராணி பங், ஊர்ப் பொண்ணுங்களுக்குப் பயிற்சி குடுத்து வீட்டுலயே பச்சிளம் குழந்தைய பாத்துக்க வச்சுப் பண்ண ஆய்வை எல்லாரும் காட்டுவாங்க, ஆனா அது 90கள்ல, 39 ஊர்ல வேலை, ஒப்பிட 47 ஊர், பொறந்த ஆயிரத்துல 60 கிட்ட முதல் மாசமே போயிட்டு இருந்த இடம். நீங்க நடைமுறைய அளங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடுத்தாங்களா, முதல் வாரம் வீட்டுக்கு ஆள் வந்தாங்களா, குழந்தைக்கு முடியலைன்னு தெரிஞ்சு எத்தனை மணி நேரத்துல ஆஸ்பத்திரி போனாங்க, இதுல 275 பேர்லயே மாற்றம் தெரியும்.

பழைய செவிலியர்:
நான் கிராம சுகாதார செவிலியரா இருந்தவ. தலைப்பிரசவத்துக்கு நிறைய பொண்ணுங்க அம்மா வீட்டுக்குப் போயி மூணு மாசம் கழிச்சுதான் புள்ளையோட வருவாங்க, அதே மாதிரி வெளியூர்ப் பொண்ணுங்க உங்க ஊருக்கு வந்திருப்பாங்க. யாரை எண்ணுறதுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்க கண்ணு. பொறந்த உடனே போன குழந்தைய வீட்டுல செத்தே பொறந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க, அழுதுச்சா, மூச்சு விட்டுச்சா, கை கால் அசைச்சுச்சான்னு தனித்தனியா கேக்கணும். வீட்டுக்குப் போற பொண்ணையே இந்தக் கணக்கும் எடுக்க விடாதீங்க, அவ முகத்தைப் பாத்து தாய்ங்க இல்லன்னு சொல்ல மாட்டாங்க.

தெற்குக்காற்று:
ஜார்க்கண்ட், ஒடிசால ஏக்ஜுட்ங்கிற தொண்டு நிறுவனம் ஊர் மகளிர் குழுக்களை வச்சுப் பண்ண ஆய்வு 2010ல வந்துச்சு. முதல் வருஷம் பெருசா ஒண்ணும் தெரியல, அடுத்த ரெண்டு வருஷத்துலதான் பச்சிளம் குழந்தை இறப்பு 45 சதவீதம் குறைஞ்சுது. இதை நிதி குடுக்கிறவங்ககிட்ட அழுத்தி சொல்லுங்க, ஒரு வருஷத்துல தீர்ப்பு கேக்குறது நியாயமே இல்ல. புது ஊர் சேர்க்கிறதா இருந்தா குலுக்கல் போட்டு பாதி இப்ப, மீதி அடுத்த வருஷம்னு ஆரம்பிங்க, ரெண்டு பக்கமும் ஒரே ஆளுங்க ஒரே மாதிரி எண்ணணும். நாங்க வேலை நடந்த ஊர்ல மட்டும் ஒழுங்கா எண்ணினோம், கடைசில அங்கதான் இறப்பு அதிகம்னு வந்து நின்னுச்சு, மத்த ஊர்ல யாரும் போய் கேக்கவே இல்லையே.

மலையடிவாரம்:
மார்ச்ல 12 ஊர் சேர்க்கிறோம், குலுக்கல் போட்டுடலாம். அம்மா, வெளியூர்ல பிரசவம் ஆனவங்கள போன்ல கேட்டா போதுமா?

பழைய செவிலியர்:
கேளு. ஆனா குழந்தை போயிடுச்சுன்னு சேதி வந்தா பஸ் ஏறி நேர்ல போயிடு கண்ணு, முதல் நாளே நோட்டைப் பிரிச்சு உக்காராத.