மலாவி பிரஸ்பிட்டேரியன் பள்ளிகள்: மாணவர் உதவி எப்படி அனுப்புவது?

கேள்வி: மலாவியின் சி.சி.ஏ.பி. (மத்திய ஆப்பிரிக்க பிரஸ்பிட்டேரியன் திருச்சபை) பள்ளியில் படிக்கும் ஒரு மாணவிக்கு எங்கள் சபை உதவ விரும்புகிறது. யாரிடம் பணம் கட்டுவது? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: முதலில் எந்த சினட், அதாவது திருச்சபையின் எந்த வட்டார நிர்வாக அமைப்பு என்று கேளுங்கள். வடக்கே லிவிங்ஸ்டோனியா, நடுவே ந்கோமா, தெற்கே பிளான்டையர். மூன்றும் தனித்தனி நிர்வாகம், தனித்தனிக் கல்வித் துறை. 1875-லும் 1876-லும் இரண்டு ஸ்காட்லாந்து சபைகள் தனித்தனியே தொடங்கிய பணி 1924-ல்தான் ஒரே திருச்சபையானது. ந்கோமா 1926-ல் சேர்ந்தது. அந்தத் தடம் இன்னும் அழியவில்லை. தவறான சினட்டுக்கு எழுதினால் கடிதம் அங்கேயே தூங்கும்.

பதில் 2: தொடக்கப்பள்ளிக் கட்டணம் 1994-லேயே நீக்கப்பட்டது. செலவு இடைநிலையில்தான், அதுவும் நான்கு ஆண்டு. கல்விக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் வழக்கமான தவறு. விடுதி, சீருடை, எம்.எஸ்.சி.இ. (இடைநிலைப் படிப்பின் இறுதிப் பொதுத் தேர்வு) கட்டணம் என்று பள்ளி கேட்பது எல்லாவற்றையும் தவணைவாரியாக எழுத்தில் வாங்குங்கள். பணம் பள்ளிக் கணக்குக்கே போகட்டும். ரசீதில் மாணவி பெயரும் தவணையும் இருக்க வேண்டும்.

பதில் 3: மலாவி நாணயமான குவாச்சாவில் நிலையான தொகை என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2023 நவம்பரில் ஒரே அடியாக 44 சதவீதம் மதிப்பிறக்கினார்கள். விலைவாசி ஏறினால் விடுதிக் கட்டணமும் ஏறும். தவணைக்குத் தவணை புதிய பில் கேட்டு அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. அவள் ஊர் வடக்கே ம்சூசு பக்கம், அப்படியானால் லிவிங்ஸ்டோனியா சினட்டுக்கே எழுதுகிறோம்.