மண்டபம் பக்கம் சைக்கிளோட கூடாரம் போட்டவங்க, நடந்ததைச் சொல்லுங்க

கடலோரச்சக்கரம்:
சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை வழியா வர்ற வழக்கமான குழுதான். ஆடி மாசம், தென்கரை மணல்ல முகாம். நடுராத்திரி ஆளில்லாத கூடாரம் ஒண்ணு முளைகளை இழுத்துக்கிட்டே உருண்டுபோய்க் கருவை மரத்துல சிக்குச்சு. மணல்ல கம்பி முளை நிக்காது. காலி சிமெண்டுச் சாக்குல கால்வாசி மணல் ரொப்பி, வயித்துல கயிறு கட்டி, முழங்கை ஆழத்துல படுக்கப் புதைச்சு மிதிக்கணும். மூலைக்கு ஒண்ணு, காத்து வர்ற பக்கம் கூடுதலா ரெண்டு.

பாம்பன்வாடை:
சாக்கெல்லாம் சரிங்க. ஆடியில தென்கரைக்கு ஏன் போகணும்? கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கையில தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் அடங்கியிருக்கும். மார்கழி வாடைக்கு அப்படியே தலைகீழ். மண்டபத்துல ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சைக்கிளை உருட்டிக்கிட்டே போயிரலாம்!

சாம்பார்வாளி:
எங்க குழுவுல ராத்திரி ஒன்பது மணிக்கும் துவரம்பருப்பு கல்லு கல்லா கிடந்துச்சு. காத்துல அடுப்பு அணையுதுன்னு எல்லாரும் தகரம் தேடினாங்க. காரணம் கிணத்துத் தண்ணி. கடினத் தண்ணியில பருப்பு இறுகிடும், வேகாது. சமையலுக்கும் கேன் தண்ணிதான். ஆளுக்குக் குடிக்க 5 லிட்டர், சமையலுக்கு 2 லிட்டர். இருபது பேருக்கு 140 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஏழு. சாயங்காலம் ஊருக்குள்ள இருக்கும்போதே வண்டியில ஏத்திருங்க, கடற்கரைக்குப் போனப்புறம் தேடாதீங்க. கிணத்துத் தண்ணியைத் தவிர வேற வழியில்லைன்னா பருப்பை மதியமே ஊறப்போட்டு, வேகும்போது ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா. பாத்திரம் கழுவக் கடல் தண்ணி போதும், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணி.

பஞ்சர்பெட்டி:
மேல கருவை மரம்னு படிச்சதும் அந்தக் காலைதான் ஞாபகம். நிழலுக்குன்னு மரத்தடியில வரிசையா நிறுத்தின வண்டியில பாதி தரையோட உக்காந்திருந்துச்சு. ட்யூப்புக்கு மட்டும் ஒட்டுப் போட்டா பத்து நிமிசத்துல மறுபடி இறங்கும். முள் முனை டயருக்குள்ளேயே ஒடிஞ்சு நிக்கும். பழைய பனியன் துணியை டயர் உள்பக்கம் சுத்தி இழுங்க, நூல் மாட்டுற இடத்துல முள். குறடால பிடுங்கணும். சொல்யூசன் தடவினதும் ஒட்டாதீங்க. பளபளப்பு போய்க் காயட்டும். செயினை அன்னன்னைக்கு நல்ல தண்ணித் துணியால துடைச்சு எண்ணெய் விடணும், உப்புக்காத்துல ஒரே ராத்திரியில செம்பழுப்பு ஏறிடும்.

கடலோரச்சக்கரம்:
பாம்பன்வாடை, வடகரையில அன்னைக்குக் கருவாடு காயப்போட்டிருந்தாங்க. இடமே இல்ல.