மஞ்சள் உடலமா, தடச்சுரப்பியா?

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மாடு வளர்ப்போருக்கான என் பயிற்சிக் கையேட்டுக்காக, 'கார்ப்பஸ் லூட்டியம்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். முட்டை உருவாகும் சினைப்பையில், முட்டை வெளியேறியபின் தோன்றும் தற்காலிகச் சுரப்பி அது. அதற்கு 'மஞ்சள் உடலம்' போதும் என்று ஐயா எழுதியிருந்தார். லத்தீன் சொல்லுக்கு அது சரியான பெயர்ப்புதான். பசுவின் சினைப்பையை அறுத்துப் பார்த்தால் ஆரஞ்சு மஞ்சளாகவே இருக்கும். கரோட்டின் தரும் நிறம் அது. எருமையில் அந்த மஞ்சள் ஏறுவதில்லை, சாம்பலும் இளஞ்சிவப்புமாகத்தான் இருக்கும். பெங்களூரில் என் பயிற்சிக்கு வரும் அல்சூர்ப் பக்கத்துத் தமிழர்களில் எருமை வளர்ப்பவர்களும் உண்டு. அவர்களிடம் எந்த மஞ்சளைக் காட்டுவது? நிறத்தை விட்டுவிடுவோம்.

இதற்கு அக்கா சொன்ன 'சினைகாப்பி' அழகான சொல். ஆனால் சினை பிடிக்காத மாட்டிலும் இது உருவாகிறதே! கைவிட்டுப் பார்த்து "சினைகாப்பி இருக்கு" என்று மருத்துவர் சொன்னால், மாடு சினை என்றே வீட்டுக்காரர் நம்பிவிடுவார். அந்த ஆபத்து வேண்டாம்.

இதன் வேலையைப் பாருங்கள். முட்டை வெளியேறியதும், அந்த முட்டையைத் தாங்கியிருந்த நுண்ணறை வெடித்த இடத்திலேயே இது வளர்கிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து அடுத்த பருவம் (மாடு காளையைத் தேடும் நாள்) வராமல் நிறுத்தி வைக்கிறது. கரு தங்காவிட்டால், பருவம் வந்த 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோனை அனுப்பி இதைக் கரைத்துவிடும். அந்தப் புரோஸ்டாகிளாண்டின் உடலெல்லாம் சுற்றாமல், கருப்பைச் சிரையிலிருந்து அதன்மேல் பின்னிக்கிடக்கும் சினைப்பைத் தமனிக்கு நேரே கசிந்து போவது எனக்கு இன்றும் வியப்புதான். சுமார் 21ஆம் நாள் மாடு மறுபடி கத்தும். கரு தங்கினால், அந்தக் கருவே இன்டர்பெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து கரைவைத் தடுத்துக்கொள்ளும்.

முதலில் 'வடுச்சுரப்பி' என்று யோசித்தேன். கரைந்தபின் மிஞ்சும் வெள்ளைத் தழும்புக்குத்தான் வடு பொருந்தும். அதை 'வெண்வடு' என்போம். நுண்ணறை இருந்த தடத்தில் எழுவதால் இது 'தடச்சுரப்பி'. கரையாமல் நின்று மாட்டைப் பருவத்துக்கே வரவிடாதது 'கரையாத் தடச்சுரப்பி'. ஐந்து நாள்கூட ஆகாதது 'இளந்தடச்சுரப்பி'. புரோஸ்டாகிளாண்டின் ஊசிக்கு அது சரியாகக் கரையாது. அதே ஊசியைச் சினைமாட்டுக்குப் போட்டால் தடச்சுரப்பி கரைந்து கன்று கலைந்துவிடும் என்பதையும் இந்தச் சொல்லைக் கொண்டே விளக்கிவிடலாம்.

அப்புறம் ஒன்று. இங்கே கன்னடத்தில் மாட்டின் பருவத்துக்குப் 'பெதெ' என்ற வீட்டுச் சொல் மருத்துவர் வாயிலும் புழங்குகிறது. நமக்குப் 'பருவம்' இருக்கும்போது 'வேட்கைச் சுழற்சி' என்ற புதுச்சொல் எதற்கு?

கையேடு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. 'தடம்' என்றதும் வழித்தடம் நினைவுக்கு வருகிறது என்றால் அதற்குள் சொல்லுங்கள்.