புதுப்பிப்பு: மெட்டலிலிருந்து ப்ளூஸுக்கு மாறியவனின் கித்தார்

மெட்டல் வாசித்துவந்த எனக்கு ப்ளூஸ், ஃபங்க் மீது நாட்டம் கூடிவிட்டதால், இரண்டு ஹம்பக்கர்கள் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள்; பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் காந்தச் சுருள்) கொண்ட பழைய எலெக்ட்ரிக் கித்தாரை விற்றுவிட்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக்கு மாறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கம்பிகள் முடியும் பிரிட்ஜ் அருகே ஹம்பக்கரும், நடுவிலும் நெக் (கழுத்து) அருகிலும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்புகளும் உள்ள எச்.எஸ்.எஸ். அமைப்பைப் பலர் பரிந்துரைத்தீர்கள், அதையே வாங்கினேன்.

சிங்கிள் காயில் இரைச்சலிடும் என்று நீங்கள் தந்த எச்சரிக்கை சரிதான். ஆம்ப்ளிஃபயரில் கெயினை (ஒலியை முறுக்கேற்றும் அளவை)க் கூட்டினால் நெக் பிக்கப் ரீங்கரிக்கிறது. ஆனால் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால், இரண்டையும் சேர்க்கும் நான்காம் நிலைக்கு ஸ்விட்சைத் தள்ளியதும் அது அடங்கிவிடுகிறது, ஃபங்குக்கு வேண்டிய துள்ளலான ஒலியும் அங்கேதான் கிடைக்கிறது. பழைய கித்தாரின் 24.75 அங்குல ஸ்கேலுக்கு (அதிரும் கம்பியின் நீளத்துக்கு)ப் பழகிய விரல்களுக்கு 25.5 அங்குலத்தில் பெண்டிங் (கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றுவது) கடினமாக இருந்ததால், 10 கேஜிலிருந்து அதைவிட மெல்லிய 9 கேஜ் கம்பிக்கு இறங்கினேன்.

யாரும் குறிப்பிடாதது கீழக்கரையின் உப்புக்காற்று. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடில்களின் பொடி ஆலன் திருகுகளில்தான் துரு முதலில் பூக்கிறது; துருவேறி இறுகிவிட்டால் கம்பியின் உயரத்தை மாற்றவே முடியாது. கம்பிகளும் துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சுள்ளவற்றையே போடுகிறேன். வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்து, திருகுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெயைக் குச்சி நுனியால் தொட்டுவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடிவிடுகிறேன். சுவரில் மாட்டி அழகு பார்க்கும் ஆசை இந்தக் கடற்கரைக்கு ஒத்துவராது. பழையதை இன்னும் விற்கவில்லை.