மலைக் கிராமத்தில் பிபி, சுகர் மாத்திரை விடுபடாமல் கிடைக்க என்ன செய்யலாம்?

கேள்வி
ஜவ்வாது மலையில் நான்கு குக்கிராமங்கள். பிபி, சுகர் உறுதியானவர்கள் 38 பேர். ஆரம்ப சுகாதார நிலையம் 12 கி.மீ. தள்ளி இருக்கிறது. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் வரும் பகல் 11 மணிக்குப் பாதிப் பேர் காட்டிலோ நூறு நாள் வேலையிலோ இருக்கிறார்கள். மகளிர் குழுவும் ஊராட்சியும் உதவத் தயார். யார் எதைப் பொறுப்பெடுத்தால் நன்றாக இருக்கும்?

பதில் 1
முதலில் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். காலை 6.30 முதல் 8 வரை வீடுகளில், விட்டுப்போனவர்களுக்கு நூறு நாள் வேலை இடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது. தன்னார்வலரும் மகளிர் குழுவில் இருந்து வந்தவர்தான், அதனால் குழுவிடம் பேசினாலே இது முடியும்.

குழுவின் வேலை ஒரு நோட்டுதான்: பெயர், மாத்திரை, கடைசியாகக் கொடுத்த தேதி, தீரும் தேதி. தீர ஐந்து நாள் இருக்கும்போதே செவிலியருக்குச் சொல்ல வேண்டும். கணக்கைக் கையோடு போட்டுக்கொடுங்கள். 26 பேர் அம்லோடிபின் (பிபி மாத்திரை) தினம் ஒன்று என்றால் மாதம் 780. பத்து சதவீதம் கூட்டி சுமார் 860 கேளுங்கள். மழையில் பாதை அடைபடும் மாதங்களில் அந்தக் கூடுதல்தான் கைகொடுக்கும்.

பெயர்ப் பட்டியலைக் கிராம சபையில் வாசிக்காதீர்கள். எண்ணிக்கை மட்டும் போதும். நடமாடும் மருத்துவக் குழு மாதத்தில் எந்தக் கிழமை, எந்த மரத்தடியில் நிற்கும் என்பதைத் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள். ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதினால் வண்டி வராது.

பதில் 2
மாத்திரை வந்தாலும் சாப்பிடாமல் விடுவதுதான் பெரிய ஓட்டை. அம்லோடிபினில் சிலருக்குக் கால் வீங்கும், ‘ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுவார்கள். வீங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருவார். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புரட்டும், சாப்பிட்டபின் போட வேண்டும். அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்து நிறம் மாறினால் பெரியவர்கள் பயந்து தொடமாட்டார்கள். பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்து, ‘இதே மருந்துதான்’ என்று காட்டிக் கொடுக்க வேண்டும். எழுத்து தெரியாதவர்களுக்குக் கவரில் சூரியன், நிலா வரைந்து கொடுங்கள்.

அளக்கும்போதும் கவனம். பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும். மேடேறி வந்த மூச்சோடு பார்த்தால் கூடத்தான் காட்டும். துணிப்பட்டையைச் சட்டைக்கு மேலே கட்டாதீர்கள். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் கூடக் காட்டும். சுகர் பார்ப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். பலாச்சுளை தின்ற விரலில் குத்தினால் சுகர் இல்லாதவருக்கும் 200க்கு மேல் காட்டிவிடும். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பை எடுத்தவுடனே டப்பாவை மூட வேண்டும், ஈரம் பட்டால் வீண்.

கேள்வி கேட்டவர்
மூன்று மாதம் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு?

பதில் 1
புறப்படும் தேதி மேஸ்திரிக்குத்தான் முதலில் தெரியும், அவரிடம் கேட்டு இரண்டு வாரம் முன்னாடியே நோட்டில் குறியுங்கள். டாக்டர் ஒப்புக்கொண்டால் மொத்தமாக மருந்து வாங்கிவிடலாம். கூடவே மருந்தின் பெயர், அளவு, கடைசி பிபி, சுகர் எழுதிய சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். பெயரை ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள், கர்நாடகத்தில் அரசு ஆஸ்பத்திரியில் அதைக் காட்டித்தான் மேற்கொண்டு கேட்க முடியும்.

பதில் 2
கிளிமெபிரைட், கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரைகளைப் போடுகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வேலைக் களத்தில் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கூட வேலை பார்ப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.