வேலை தெரியும், வாய்தான் வராது: உங்களுக்கு எப்படி?

குடந்தைக்காரி:
கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் என் கையில்தான். ஆனால் பார்ட்டி வந்து உட்கார்ந்தால் பேச்சு சீனியர் பக்கம் போய்விடும், நான் ஃபைல் எடுத்துக் கொடுக்கிற ஆளாகிவிடுவேன். இவளுக்கு வேலை தெரியும் என்று நாலு பேருக்குத் தெரிய வைப்பது எப்படி? ‘கண்ணாடி முன் நின்று பேசிப் பழகு’ ரகம் வேண்டாம். உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

சாமிமலை உளி:
சிலைப் பட்டறையில் பல வருஷம் கூலிக்கு இருந்தவன் நான். மெழுகில் உருவம் பிடிப்பது, அதன் மேல் மண் கட்டுவது, உலோகத்தை உருக்கி ஊற்றுவது, உளி போடுவது எல்லாம் கைக்குத் தெரியும். வாசலில் கார் நின்றால் மட்டும் பின்கட்டுக்கு நழுவிவிடுவேன்.

ஒரு நாள் முதலாளி வெளியூர் போயிருந்தார். நடராஜர் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா விலையே கேட்கவில்லை. “டேப் இல்லாம எப்படிப்பா அளவு எடுக்கறீங்க?” என்றார். தென்னை ஓலையை நறுக்கி, சிலை உயரத்துக்கு வைத்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று மடித்துக் காட்டினேன். அவர் கையில் கொடுத்து, அவரையும் மடிக்கச் சொன்னேன். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. தேன்மெழுகில் ஏன் குங்கிலியம்? வெறும் மெழுகு நம்ம ஊர் வெயிலுக்கு இளகிவிடும், குங்கிலியம் சேர்ந்தால் நிற்கும். முதல் பூச்சுக்கு ஏன் காவிரி வண்டல்? அவ்வளவு நைசான மண், சிலையின் நகக்கண்கூட அச்சில் விழும். பேசுகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

‘நான் நல்லா செய்வேன்’ என்று சொல்ல இன்றுவரை எனக்கு நாக்கு எழாது. ‘இதை இப்படிச் செய்வோம்’ என்றால் மணிக்கணக்கில் பேசுவேன்.

தனியாகப் பட்டறை போட்ட பிறகு ஒவ்வொரு சிலைக்கும் போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். மெழுகாக இருக்கையில், மண் கட்டியதும், அச்சை உடைத்ததும், முடித்ததும். வாங்கியவருக்கு வாட்ஸ்அப்பில் போகும், அவர் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார். பளபளப்பான படத்தைவிட, மண்ணும் கரியுமாக இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் போன் வருகிறது!

இன்னொன்று. சுவாமிமலைச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்கு என்ற சட்டப் பதிவு, இருக்கிறது. அதில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனி ஆளும் பதியலாம். ‘அது சங்கத்து வேலை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பதிவுத் தாளைப் பில்லோடு வைத்தால் பேரம் பேசுகிற குரலே மாறுகிறது. தற்பெருமை என்று ஊர் சொல்லும், சொல்லட்டும்.

நீடாமங்கலம் ட்ரோன்:
வயலுக்கு ட்ரோனில் மருந்து அடிக்கிறேன். நான் பெண். வரப்பில் இறங்கினால் முதல் கேள்வி, “ஓட்டுற பையன் எங்கம்மா?” லைசென்ஸைக் காட்டிப் பார்த்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பையனைத்தான் தேடுவார்கள்.

இப்போது பெட்டியைத் திறக்குமுன் நான் கேட்கிறேன்: “என்ன ரகம் பெரியப்பா, நட்டு எத்தனை நாளாச்சு?” ஏடிடி 43 நெல் என்றால் 110 நாள் பயிர், சி.ஆர். 1009 என்றால் 155 நாளுக்கு மேல் போகும். மருந்து அடிக்கிற கணக்கு அதைப் பொறுத்தது. ஒரு தடவை பயிர் பூத்திருந்தது. நெல் காலையில்தான் பூ விரியும், “இப்ப அடிச்சா பதராப் போகும், சாயங்காலம் வரேன்” என்று கிளம்பிவிட்டேன். அன்றைய காலை வாடகை போச்சு. ஆனால் அந்தப் பெரியவர் டீக்கடையில் சொன்னதில், பக்கத்து ஊரிலிருந்து மூன்று பேர் கூப்பிட்டார்கள். முடியாது என்று சொன்னதற்கு வந்த வேலை அது.

குடந்தைக்காரி:
உளி அண்ணே, ட்ரோன் அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. எனக்கு ஒன்று தோன்றுகிறது. மாசாமாசம் 14-ஆம் தேதி 2பி (சரக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டியில் ஏற்றிய பில்களின் பட்டியல்) வந்துவிடும், 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) போட 20 வரை நேரம் இருக்கிறது. சரக்கு விற்றவர்களில் யாருடைய பில் ஏறவில்லை, அதனால் பார்ட்டி வாங்கும்போது கொடுத்த வரியில் எவ்வளவு கிரெடிட் கழிக்க முடியாமல் நிற்கிறது என்று இதுவரை சீனியருக்குத்தான் எழுதிக் கொடுப்பேன். இந்த மாதம் பார்ட்டிக்கு நானே போன் போட்டுச் சொல்லலாமா என்று கேட்டேன். “பேசு, எனக்கு ஒரு வேலை மிச்சம்” என்றார் அவர். முதலில் ஒரு ஜவுளிக்கடைக்காரர்.

சாமிமலை உளி:
போடும்மா. தொகையை முதலில் சொல், வணக்கம் அப்புறம்.