கார்ட்டூன் ஆள் முனகினால் அகராதியில் ஏறிவிடுமா?

அரைப்பென்சில் கேட்கிறார்:

வீட்டில் மூன்று நாளாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள். ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் ஹோமர் எதையாவது சொதப்பிவிட்டு ‘டோ!’ என்று ஒரு சத்தம் போடுவானே, அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே இருக்கிறது என்கிறான் அக்கா மகன். நான் சிரித்துவிட்டேன். அகராதி என்றால் சொல்லுக்குத்தானே, முக்கலும் முனகலும் அதில் எப்படி வரும், நாளைக்குத் தும்மலையும் சேர்ப்பார்களா என்று கேட்டேன். ‘மாமா, உங்களுக்கு விஷயமே தெரியாது’ என்று எழுந்து போய்விட்டான். அவன் சொல்வது உண்மையா? உண்மை என்றால் இன்னொன்றும் கேட்கிறேன், கார்ட்டூன்களில் இப்படி ஆயிரம் வசனம் வருகிறது, குழந்தைகள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அதில் எது அகராதிக்குப் போகிறது, எது போகாமல் நின்றுவிடுகிறது? யார் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்?

ஒற்றுப்பிழை:

மருமகன் பக்கம்தான் ஜெயம். 2001 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டின் இணையப் பதிப்பில் அதைச் சேர்த்தார்கள். தும்மலைப் பற்றிக் கேட்டீர்களே, அதுவும் அங்கே ‘அட்டிஷூ’ என்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அதனால் அந்த வாதத்தைத் திரும்ப எடுக்காதீர்கள்.

ஆனால் நீங்கள் முழுக்கத் தோற்கவும் இல்லை. அந்தப் பதிவில் முதல் மேற்கோள் ஹோமருடையது கிடையாது. 1945இல் பிபிசி வானொலியில் வந்த ‘இட்ஸ் தட் மேன் அகெய்ன்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது. சிம்ப்சன் குடும்பம் தொலைக்காட்சிக்கு வந்ததே 1987இல், அதுவும் வேறொருவர் நடத்திய நிகழ்ச்சிக்கு நடுவில் வரும் குட்டிப் படங்களாக. தனித் தொடரானது 1989 டிசம்பரில். ஹோமர் வாயைத் திறப்பதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே அந்தச் சத்தம் இருந்திருக்கிறது. அவன் செய்ததெல்லாம் அதை உலகம் முழுக்கக் கேட்க வைத்தது.

யார் முடிவு செய்கிறார்கள் என்றால், பதிப்பாசிரியர்கள்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது சான்றுகளை. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு இடங்களில், சில வருஷங்களாவது தொடர்ந்து எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். நான் மெய்ப்புத் திருத்துகிற ஆள், எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எழுதியவர் ‘ஹோமர் சொல்வானே, அதுபோல’ என்று பக்கத்தில் ஒரு விளக்கம் வைத்தால் அது இன்னும் கார்ட்டூன் வசனம்தான். விளக்கமே வைக்காமல், கார்ட்டூனைப் பார்க்காத வாசகருக்கும் புரியும் என்று நம்பி எழுதிவிட்டுப் போனால் அது சொல் ஆகிவிட்டது.

வசனவரி:

வசனத் தமிழாக்கம் செய்து பிழைக்கிறவள், இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால் மூலத் திரைக்கதையில் ‘டோ’ என்று இருக்காது. அடைப்புக்குறிக்குள் ‘எரிச்சலான முனகல்’ என்றுதான் எழுதுவார்கள். சில அத்தியாயங்களின் தலைப்பிலேயே அந்தச் சத்தம் வரவேண்டிய இடத்தில் ‘எரிச்சலான முனகல்’ என்று போட்டுக் கிண்டல் செய்திருக்கிறார்கள். ஹோமருக்குக் குரல் கொடுக்கும் டான் காஸ்டெல்லனெட்டா அந்த முனகலை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? லாரல் ஹார்டி படங்களில் வரும் ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற மீசைக்கார நடிகர் ‘டோ...ஓ...ஓ’ என்று இழுப்பார், அதிலிருந்து. சிம்ப்சன்ஸை உருவாக்கிய மேட் க்ரோனிங், கார்ட்டூனில் அவ்வளவு நேரம் இழுக்க முடியாது, சுருக்குங்கள் என்றாராம். சுருக்கியதுதான் இன்றைக்கு அகராதியில் இருக்கிறது.

தமிழில் கொண்டுவர நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ‘ஐயோ’ போட்டால் பரிதாபம் கூடிவிடுகிறது. ‘அடச்சே’ கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, ஆனால் அதை அடுத்தவரைப் பார்த்தும் சொல்லலாம். ‘போச்சுடா’ நடந்துபோன காரியத்தைப் பற்றியது, தன் மடத்தனத்தைப் பற்றியது இல்லை. அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு விளக்கத்தைப் படித்தபோதுதான் எங்கே இடிக்கிறது என்று புரிந்தது. நினைத்தது நடக்காமல் போன எரிச்சல், தான் முட்டாள்தனமாக ஏதோ சொல்லிவிட்டோம் செய்துவிட்டோம் என்று உறைப்பது, இரண்டையும் அந்த ஒற்றை எழுத்துச் சத்தம் தாங்குகிறது. அது சொல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

கொசுறு:

எனக்கென்னவோ இதெல்லாம் அகராதிக் கம்பெனிகளின் விளம்பரம் என்றுதான் படுகிறது. 2008இல் காலின்ஸ் ‘மெஹ்’ என்ற அலட்சியச் சத்தத்தைச் சேர்க்கிறோம் என்று அறிவித்தது, உடனே பத்திரிகைகளெல்லாம் செய்தி போட்டன. 2018இல் மெரியம்-வெப்ஸ்டர் ‘எம்பிக்கன்’ சேர்த்தது. பெரிதாக்கு என்று அர்த்தம். 1996இல் சிம்ப்சன்ஸ் எழுத்தாளர்கள், கேட்டால் நிஜச் சொல் மாதிரி இருக்கவேண்டும் ஆனால் நிஜமாக இருக்கக்கூடாது என்று வேண்டுமென்றே உட்கார்ந்து உண்டாக்கியது. கேலிக்காகச் செய்த போலிச் சொல்லுக்கு அகராதியில் இடம் என்றால், நாளைக்கு நான் ஒன்று உண்டாக்குகிறேன், சேர்ப்பார்களா?

ஒற்றுப்பிழை:

சேர்ப்பார்கள் தம்பி, இருபது வருஷம் ஊர் அதைப் பேசினால். விளம்பரம் உண்டு என்பதை மறுக்கவில்லை, புதுச்சொல் பட்டியல் வெளியிடுவதே பேப்பரில் பேர் வரத்தான். ஆனால் நீங்கள் எடுத்த உதாரணம் உங்கள் காலையே வாருகிறது. 1884இல் ‘நோட்ஸ் அண்ட் க்வெரீஸ்’ என்ற ஆங்கில இதழில் ஒருவர், ஒரு வினைச்சொல் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று காட்டுவதற்காக, இதைப்போல அவலட்சணமாக ஆங்கிலத்தில் ஒன்று செய்வதென்றால் ‘எம்பிக்கன்’ என்று சொல்லலாம் என்று எழுதியிருக்கிறார். சிம்ப்சன்ஸ்காரர்களுக்கு அது தெரியாது. நூற்றுப்பன்னிரண்டு வருஷம் கழித்து அதே கேலிக்காக அதே சொல்லைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். கேலியெல்லாம் தீர்ந்துபோய் 2007இல் சரக் கோட்பாடு (ஸ்ட்ரிங் தியரி) பற்றிய ஓர் இயற்பியல் ஆய்வுக் கட்டுரையிலும் அந்தச் சொல் வந்துவிட்டது.

‘மெஹ்’ கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2001இல் வந்த ஒரு சிம்ப்சன்ஸ் அத்தியாயத்தில் ஹோமரின் மகள் லிசா அதை எழுத்துக் கூட்டியே சொல்லிக் காட்டுகிறாள், எம்-ஈ-ஹெச் என்று. வாயில் இருந்த ஓர் அலட்சியச் சத்தத்துக்கு எழுத்து வடிவம் இதுதான் என்று பார்த்தவர்கள் மனதில் அது பதிந்திருக்கும், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. எப்படி எழுதுவது என்று தெரியாத சத்தத்தை யாரும் எழுதமாட்டார்கள், எழுதாவிட்டால் அகராதிக்காரருக்குச் சான்று ஏது?

‘கவபங்கா’ என்ற உற்சாகக் கூச்சலையும் சொல்லிவிடுகிறேன். கார்ட்டூனில் வரும் நிஞ்ஜா ஆமைகளின் சொத்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1950களில் ‘ஹௌடி டூடி’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு பாத்திரம் கத்தியது அது. அங்கிருந்து கடலில் அலைச்சறுக்கு விடுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஆமைகள் தொலைக்காட்சிக்கு வந்தது 1987இல்.

பாதித்தூக்கம்:

அப்படியென்றால் ‘யாபா டாபா டூ’ ஏன் அந்த அளவுக்குப் பரவவில்லை? 1960இலிருந்து உலகமே கத்திக்கொண்டிருக்கிறதே. ‘ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூன் திரைக்கதையில் ‘யாஹூ’ என்றிருந்ததை ஃப்ரெட் ஃப்ளின்ட்ஸ்டோனுக்குக் குரல் கொடுத்த ஆலன் ரீட்தான் மாற்றிச் சொல்லலாமா என்று கேட்டாராம். ஆனால் இன்றைக்கும் யாராவது அதைக் கத்தினால் ஃப்ரெட்தான் கண்ணில் நிற்கிறான், சந்தோஷம் நிற்பதில்லை. ஒற்றுப்பிழை சொன்ன சோதனையில் இது தேறாது போல.

இன்னொன்று, முழு வசனங்களுக்குப் போக வேறு இடம் இருக்கிறது, மேற்கோள் அகராதிகள். 1995இல் சிம்ப்சன்ஸில் வந்த, பிரெஞ்சுக்காரர்களை ‘பாலாடைக்கட்டி தின்னும் சரணாகதிக் குரங்குகள்’ என்று திட்டும் வசனம் ஆக்ஸ்ஃபோர்டின் மேற்கோள் தொகுப்பில் ஏறியிருக்கிறது. இராக் போர்ச் சமயத்தில் அமெரிக்காவில் நிஜமாகவே அரசியல் வசவாக அது ஓடியது. மரியாதைக்குரிய புத்தகத்தில் எது எதற்கெல்லாம் இடம் பாருங்கள்.

அரைப்பென்சில்:

எல்லோருக்கும் நன்றி. 1945ஐச் சொன்னதும் மருமகன் முகம் கொஞ்சம் சுருங்கியது, எனக்கு அது போதும். 1884 கதையை இன்னும் சொல்லவில்லை, அடுத்த சண்டைக்கு வைத்திருக்கிறேன். வசனவரி, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஐயோ, அடச்சே, போச்சுடா மூன்றும் சரிப்படவில்லை என்றீர்களே, கடைசியில் என்னதான் போட்டீர்கள்?

வசனவரி:

முதல் இரண்டு இடத்தில் ‘அடச்சே’ போட்டேன். மூன்றாவது இடத்தில் அந்த வரியையே வெறுமையாக விட்டுவிட்டேன், அவன் முகம்தான் திரையில் பெரிதாகத் தெரிகிறதே. யாரும் குறை சொல்லவில்லை.